நீங்க யாரு பேசுறீங்க?

மலேசியாவில் யாருடைய அடையாள அட்டை எண்ணையும் கொஞ்சம் நிறுத்திப் படித்தால் அது ஒரு சின்ன வாழ்க்கைக் குறிப்பு. மொத்தம் 12 இலக்கங்கள். முதல் ஆறு, பிறந்த வருடம், மாதம், நாள். அடுத்த இரண்டு, பிறந்த இடம். பினாங்கில் பிறந்த எனக்கு 07. இந்தியாவில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்த என் பாட்டிக்கு 75. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 1990இல் தேசியப் பதிவிலாகா இந்த முறையைக் கொண்டுவந்தது. 2001இல் சில்லு பதித்த மைகாட் வந்தபோது அட்டை மாறியது, எண் மாறவில்லை.

பொறியியல் படித்தவனுக்கு எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒருவருடைய பிறந்த தேதியும், பிறந்த மாநிலமும், ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தால் மிச்சம் தெரியாதது கடைசி நான்கு இலக்கம் மட்டும். 10,000 சாத்தியங்கள். ஒற்றை இரட்டை பார்த்துப் பாதியைக் கழித்தால் 5,000. முகநூலில் கேக் படத்தோடு வரும் ஒரு பிறந்தநாள் வாழ்த்து, வயதும் சேர்ந்திருந்தால், ஓர் ஆளை இந்த ஐயாயிரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. கணினிக்கு ஐயாயிரம் ஒரு கொட்டாவி விடும் நேரம்.

ஆனால் இப்படிக் கணக்குப் போட்டுத் தேடவேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை. இந்த எண்ணை நாம் எங்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கிளினிக் பதிவேடு, சிம் கார்டு கடை, பள்ளிக்கூடப் பாரம், கல்யாண மண்டப ரசீது, சூப்பர் மார்க்கெட் அதிர்ஷ்டக் குலுக்கல், தொழிற்சாலை வாசலில் பாதுகாவலர் வைத்திருக்கும் மழையில் ஊறிப்போன நோட்டுப் புத்தகம். 2017 அக்டோபரில் லோயாட் இணையத்தளம் ஒரு செய்தி வெளியிட்டது. மலேசியக் கைப்பேசி வாடிக்கையாளர்களின் பதிவுகள் 4 கோடியே 62 லட்சம், பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் சேர்த்து இணையத்தில் விலைக்கு வந்திருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான். பதிவுகள் 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

இவ்வளவு பேர் கையில் இருக்கும் ஒன்றைத்தான், ‘சரிபார்ப்புக்காக உங்க ஐசி நம்பர் சொல்லுங்க’ என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. பெயர் வேறு, சாவி வேறு. பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. இல்லாவிட்டால் அதை வைத்து நம்மைக் கூப்பிட முடியாது. சாவி யாருக்கும் தெரியக் கூடாதது. ஒரே பொருள் இரண்டு வேலையும் பார்க்க முடியாது. 1883இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற டச்சுக்காரர் ராணுவ ரகசியக் குறியீடுகள் பற்றி எழுதிய கட்டுரையில் சில விதிகளைச் சொன்னார். அதில் ஒன்று, சாவியை நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடியவேண்டும் என்பது. களவுபோகாத சாவி என்று ஒன்று கிடையாது, ஆகவே களவுபோன பிறகு என்ன செய்வது என்பதையும் முன்னாலேயே யோசித்து வை என்கிற சாதாரண புத்திதான். நம் 12 இலக்கத்தை எப்படி மாற்றுவது? மறுபடி பிறந்துதான்.

அரசாங்கங்களும் இதே குழப்பத்தில்தான் இருக்கின்றன. 2018 ஜூலையில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா, தன் ஆதார் எண்ணை டுவிட்டரில் போட்டு, இதை வைத்து எனக்கு என்ன கெடுதல் செய்ய முடியும் செய்யுங்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டார். கொஞ்ச நேரத்திலேயே அவருடைய தொலைபேசி எண், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் ஆட்கள் எடுத்துப் போட்டார்கள். இதெல்லாம் ஏற்கெனவே பொதுவெளியில் கிடைப்பவைதான் என்றது ஆதார் நிறுவனம். அடுத்து அதே நிறுவனம், பொதுமக்கள் தங்கள் எண்ணை இப்படி வெளியில் போடவேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. ஒளிக்கவும் தேவையில்லை, காட்டவும் கூடாது. நம்மூரில் 2024 ஜனவரியில் பாடு என்ற தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்ட சில நாட்களிலேயே, இன்னொருவருடைய ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அவர் பெயரில் கணக்குத் திறந்துவிட முடிகிறது என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் எடுத்துச் சொன்னார். அஞ்சல் குறியீடு! சுங்கை பாக்காப்பில் பாதிப் பேருக்கு ஒரே குறியீடுதான்.

*

மக்காவ் மோசடி என்று நாம் சொல்லும் தொலைபேசி வித்தை இந்தக் குழப்பத்தின் மேல்தான் நிற்கிறது. இந்தியாவில் இதன் பங்காளிக்கு ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று பெயர். 2024 அக்டோபரில் இந்தியப் பிரதமரே வானொலியில் எச்சரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. வேலை செய்யும் விதம் எல்லா இடத்திலும் ஒன்று. முதல் குரல் கூரியர் நிறுவனத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ வரும். உங்கள் பெயரில் ஒரு பொட்டலம், ஒரு கடன், ஒரு வழக்கு. நீங்கள் மறுப்பீர்கள். ‘அப்படியா, இருங்கள், போலீசுக்கு மாற்றிவிடுகிறேன்’ என்று இரண்டாவது குரலுக்குக் கை மாறும். அது அதட்டும். அந்த இரண்டாவது குரல்தான் உங்கள் 12 இலக்கத்தையும் ஒப்பிக்கும். வீட்டு முகவரியையும் சொல்லும். ‘இது நீங்கதானே?’

நாம்தானே. ஆமாம் என்கிறோம். அந்த இடத்தில்தான் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நம்மை யார் என்று அவர்களுக்கு நிரூபிக்கத்தான் அந்த எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த அழைப்பில் அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அவன் யார் என்று நமக்கு நிரூபிக்க நம்முடைய எண்ணையே காட்டுகிறான். ‘என் நம்பர் இவனுக்குத் தெரியுது, அப்ப இவன் கவர்மெண்ட் ஆளாத்தான் இருக்கணும்.’ இந்த அனுமானத்தை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணைக் கேட்டே பழகிய வங்கிகளும் அலுவலகங்களும் முப்பது வருடமாக நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. எண் தெரிந்தவன் உரிமை உள்ளவன்.

எங்கள் தாமானில் ஓர் அக்கா இருக்கிறார். பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 27 வருடம் ஆப்பரேட்டர். மூன்று ஷிப்ட்டும் பார்த்தவர். 55 வயதில் ஊழியர் சேமநிதியை எடுத்து வங்கியில் போட்டு வைத்திருந்தார். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கிய அழைப்பு மதியம் மூன்றரைக்கு முடிந்தது. ஐந்தரை மணி நேரம். போனை வைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, இது அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் வரும் விசாரணை என்று சொல்லியிருக்கிறார்கள். அடுப்பில் குழம்பு தீய்ந்திருக்கிறது. 41,000 வெள்ளி, மூன்று தவணையாக.

விஷயம் புலனத்தில் பரவியபோது நான் கவனித்தது ஒன்றுதான். மோசடி செய்தவனைப் பற்றி யாரும் இரண்டு வரிக்கு மேல் பேசவில்லை. அக்காவைப் பற்றிப் பேசினார்கள். ‘எஸ்பிஎம் படிச்ச பொம்பளதானே?’ ‘பேப்பர்ல தினமும் போடுறான், தெரியாதா?’ ‘ஆசப்பட்டுருக்கும்.’ கடைசி வாக்கியம் எனக்குப் புரியவே இல்லை. அக்கா எதற்கும் ஆசைப்படவில்லை. பயந்தார்.

தமிழில் ஏமாந்தவரைக் குறிக்க ‘ஏமாளி’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது பெயர் மட்டுமில்லை, வசை. ஒரு தடவை நடந்ததை வைத்து ஆளின் குணத்தையே தீர்மானித்துவிடுகிற வசை. பக்கத்திலேயே ‘ஏமம்’, ‘ஏமாப்பு’ என்று பழைய சொற்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் பொருள் பாதுகாப்பு. திருக்குறளில் ஏமாப்பு என்று வரும் இடங்களில் ஒருவருக்கு அரணாக நிற்பதைத்தான் சொல்கிறார். அந்தச் சொற்கள் புத்தகத்தோடு நின்றுவிட்டன. தெருவில் மிஞ்சியது ஏமாளி மட்டும்.

அக்காவின் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அது அவரிடம் மட்டும் தொடங்கவில்லை. தேசிய அளவில் அடையாள அட்டை முதலில் வந்தது 1948இல், அவசரகாலத்தின்போது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் புகைப்படமும் கைரேகையும் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் யார், ஊருக்குள் இருக்கும் குடிமகன் யார் என்று பிரிப்பதற்கு. ஆக இந்த அட்டை பிறந்ததே சந்தேகத்தில். அதற்கு முன்பும் கலிடோனியா, வால்டோர் என்று நம் பக்கத்துத் தோட்டங்களில் செக்ரோலில் பேர் இருந்தால்தான் ஆள், பெரட்டில் பேர் கூப்பிடும்போது குரல் கொடுத்தால்தான் அன்றைய கூலி. கிராணியைப் பார்த்து ‘நீங்க யாரு, உங்க பேப்பர காட்டுங்க’ என்று யாராவது கேட்டிருப்பார்களா? 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது, பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறியவர்களின் கதை எல்லாத் தமிழ்க் குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். சிவப்பு ஐசியோடு செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். ‘உங்க ஐசில ஒரு பிரச்சன இருக்கு’ என்று மலாயில் ஓர் அதிகாரக் குரல் சொன்னால், அது எங்கள் வீடுகளில் மூன்று தலைமுறைக்குச் சேர்த்து ஒலிக்கிறது. மோசடிக்காரனுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயம் இருப்பது தெரிந்தால் போதும்.

*

போன வருடம் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். வழக்கமானவைதான் சொன்னேன். டேக் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். புலனத்தில் வரும் ஏபிகே கோப்பைத் தொடாதீர்கள். வீடு சுத்தம் செய்யும் கம்பெனி என்று விளம்பரம் போட்டு, முன்பதிவுக்கு இந்தச் செயலியை இறக்குங்கள் என்பார்கள். அதை நிறுவும்போது ‘குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி’ என்று கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் எண் உங்களுக்கு முன்பே அவனுக்குப் போய்விடும். பேங்க் நெகாரா 2022இல் குறுஞ்செய்தி வழி அனுப்பும் எண்ணைக் கைவிடும்படி வங்கிகளிடம் சொன்னது இதனால்தான். சந்தேகம் வந்தால் 997க்குக் கூப்பிடுங்கள். பணம் போட்டபின் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்கு அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் பிடிக்க வாய்ப்பு.

ஒரு பாட்டி கையைத் தூக்கினார். “தம்பி, நெசமாவே பேங்க்கு கூப்பிட்டா எப்படித் தெரிஞ்சுக்குறது?”

போனை வைத்துவிட்டு, அட்டையின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள் என்றேன். சரியான பதில்தான். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அவங்க என்ன நம்பணும்னா நான் ஐசி சொல்லணும், பொறந்த தேதி சொல்லணும், அம்மா பேரு சொல்லணும். நான் அவங்கள நம்பணும்னா நானே காசு போட்டுக் கூப்பிட்டு, இருவது நிமிசம் பாட்டு கேட்டுக்கிட்டு நிக்கணும். அப்படித்தானே?”

மண்டபத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பாதுகாப்புத் துறையில் நான் படித்த கட்டுரைகளில் பாதி அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

நிரூபிக்கும் கடமை ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு. நிறுவனம் நம்மைக் கூப்பிடும்போதும் நாம்தான் நம்மை நிரூபிக்கிறோம். திரையில் தெரியும் எண்ணை நம்பலாமே என்றால், அது அழைக்கும் பக்கத்திலிருந்து அனுப்பப்படும் ஒரு தகவல். கடித உறையின் பின்னால் எழுதும் அனுப்புநர் முகவரி மாதிரி. இணையம் வழி அழைப்பவன் அதில் புக்கிட் அமான் எண்ணையும் எழுத முடியும்.

இதற்குத் தொழில்நுட்பத்தில் தீர்வே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் ஓர் இணையத்தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எதிர்த்திசைச் சோதனை நடக்கிறது. முகவரியில் ஹெச்டிடிபிஎஸ் என்று இருந்தால், பக்கம் வருவதற்கு முன்பே உங்கள் உலாவி அந்தத் தளத்தைப் பார்த்து ‘நீ யார், சான்றிதழைக் காட்டு’ என்று கேட்கிறது. தளம் காட்டவேண்டும். சான்றிதழில் கையெழுத்துப் போட்டது யார், தேதி முடிந்துவிட்டதா என்று சரிபார்த்த பிறகுதான் பேச்சு. இதெல்லாம் ஒரு நொடிக்குள். உலகத்தின் மிகப் பெரிய வங்கியாக இருந்தாலும் உங்கள் முந்நூறு வெள்ளிக் கைப்பேசியின் முன்னால் முதலில் அதுதான் தன்னை நிரூபிக்கவேண்டும். எனக்கு இது எப்போதும் அழகாகத் தோன்றும் விஷயம். இயந்திரங்களுக்கு நாம் கற்றுக்கொடுத்த மரியாதையை மனிதர்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை.

அழகுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்தப் பூட்டுச் சின்னத்தைப் பார்த்து ‘இது நல்ல தளம்’ என்று ஆட்கள் புரிந்துகொண்டார்கள். பூட்டு சொல்வது, நீங்கள் பேசிக்கொண்டிருப்பது இந்த முகவரிக்காரனோடுதான் என்பதை மட்டும். அவன் யோக்கியனா என்பது அதற்குத் தெரியாது. போலித் தளங்களும் சான்றிதழ் வாங்குகின்றன. 2023இல் குரோம் உலாவி பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது, இந்தத் தவறான நம்பிக்கையைக் காரணம் காட்டி. நம் வங்கிகள் சிலவற்றில், கடவுச்சொல் போடுவதற்கு முன் நீங்கள் முன்பே தேர்ந்தெடுத்த படமோ சொற்றொடரோ தோன்றும். அது வங்கி உங்களுக்குக் காட்டும் ஐசி. நல்ல யோசனை. ஆனால் 2007இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். வேண்டுமென்றே அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். பெரும்பாலானோர் படம் இல்லாததைப் பொருட்படுத்தாமல் கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். கேட்டுப் பழகாதவர்களுக்குப் பதில் வராதது உறைக்கவில்லை.

அடையாளம் வேறு, நேர்மை வேறு என்பதற்கு அக்காவின் கதையிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. பணம் அனுப்பும்போது கணக்குக்காரர் பெயர் திரையில் வருமே, அது அவருக்கும் வந்தது. ஒரு தமிழ்ப் பெயர். ‘விசாரணை அதிகாரியின் கணக்கு’ என்றிருக்கிறான். அந்தப் பெயர் பொய்யில்லை. எங்கேயோ ஒரு பையன், ஐசியைக் காட்டி, முகத்தைக் காட்டி முறையாகத் திறந்த கணக்கு. சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் யாருக்கோ விட்டுக்கொடுத்திருப்பான். கழுதைக் கணக்கு என்கிறார்கள். 2024இல் இதற்கென்றே தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். அமைப்பு அவனை முழுக்கச் சரிபார்த்தது. எல்லாம் உண்மை. வாடகைக்குப் போனது அந்த உண்மைதான்.

*

அப்படியானால் அக்கா இழந்த பணத்துக்கு யார் பொறுப்பு? ‘அவரேதான் அனுப்பினார்’ என்பது வங்கியின் பதில். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி இப்படித்தான் முடியவேண்டும் என்றில்லை. 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் போயின. ஏறக்குறைய 790 பேர், 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலர். அந்தச் செய்திகள், வங்கி உண்மையாக அனுப்பிய பழைய செய்திகளின் அதே வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டன. கைப்பேசிக்கு வித்தியாசம் தெரியவில்லை, மனிதருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் வங்கி எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2024 டிசம்பரில் அங்கே ஒரு பொறுப்புப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. போலித்தள மோசடிகளில், முதலில் வங்கி தன் கடமையைச் செய்ததா, அடுத்து தொலைபேசி நிறுவனம் செய்ததா என்று பார்த்து, அதன் பிறகுதான் வாடிக்கையாளரிடம் வருவார்கள். இந்த வரிசைதான் முக்கியம். பிரிட்டனில் அதே வருடம் அக்டோபரிலிருந்து, ஏமாற்றப்பட்டு நாமே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தரவேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி.

இப்படிச் செய்தால் மக்களுக்குக் கவனம் போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மிக மோசமான அலட்சியத்துக்குப் பிரிட்டனும் விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் இந்த வாதத்தை ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும் வைக்கிறோம்? நட்டம் முழுக்க வாடிக்கையாளர் தலையில் விழும் என்று தெரிந்தால் நிறுவனங்களுக்கும் கவனம் போகத்தானே செய்யும்? நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறியது. மத்திய மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தரவு கசிந்தால் தெரிவித்தாக வேண்டும் என்ற கடமை 2025 ஜூனில்தான் வந்தது. 15 வருடம் நம்முடைய எண்ணைத் தொலைத்தவர் சும்மா இருக்கலாம், அந்த எண்ணால் ஏமாந்தவர் ஏமாளி.

ஆன் ஆடம்ஸ், ஆஞ்செலா சாஸே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பு, ‘பயனர்கள் எதிரிகள் அல்ல’. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டிவைக்கும் ஊழியர்களைத் திட்டுவதை விட்டுவிட்டு, அவர்களிடம் என்ன கேட்கிறோம் என்று பாருங்கள் என்றார்கள். பிரிட்டிஷ் தத்துவவாதி ஒனோரா ஓ’நீல் 2002இல் பிபிசி ரீத் உரைகளில் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். மக்களிடம் நம்பிக்கை குறைந்துவிட்டது, அதைக் கூட்டவேண்டும் என்று புலம்புவது அவருக்கு ஒப்பில்லை. நம்பத் தகுந்தவர்களை நம்பி, தகாதவர்களை நம்பாமல் இருக்க மக்களுக்கு வழி வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த வழியைத்தான் நம் தொலைபேசி நமக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காமலேயே, ‘விழிப்பாக இருங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறோம்.

விழிப்பாக இருப்பதற்கும் விலை உண்டு. அக்கா இப்போது தெரியாத எண் எதையும் எடுப்பதில்லை. போன ஏப்ரலில் கண் அறுவை சிகிச்சைக்குத் தேதி முன்னால் கிடைத்திருக்கிறது என்று மருத்துவமனையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தார். மறுமுனை ‘உங்க ஐசி நம்பர் சொல்லுங்க’ என்றது. வைத்துவிட்டார். நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார். தேதி இன்னொருவருக்குப் போனது. அடுத்தது ஐந்து மாதம் கழித்து.

எனக்கு அட்டை விஷயமாக ஓர் அழைப்பு வந்தது. இளம்பெண் குரல். சரிபார்ப்புக்கு ஐசி எண் கேட்டார். “நீங்க பேங்க்குன்னு நான் எப்படிங்க தெரிஞ்சுக்கிறது? என் கணக்கைப் பத்தி நீங்க முதல்ல ஏதாவது சொல்லுங்களேன்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. தாளைப் புரட்டுகிற ஓசை. “சார், எங்க சிஸ்டத்துல அப்படி ஒன்னு இல்ல சார்” என்றார். கோபமில்லை, கொஞ்சம் சங்கடம். அநேகமாக அவர் உண்மையான ஆள்தான். உண்மையாக இருந்தும் அதைக் காட்ட அவருக்கு ஒரு வழியும் தரப்படவில்லை.

அக்காவின் மகள் ஜொகூரில் இருக்கிறார். குரலையே போலி செய்ய முடிகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு, தீபாவளிக்கு வந்தபோது அம்மாவும் மகளும் ஒரு சொல் பேசி வைத்துக்கொண்டார்கள். பண விஷயம் என்று யார் கூப்பிட்டாலும் இவர் அவரைக் கேட்கவேண்டும், அவரும் இவரைக் கேட்கவேண்டும். முதல் வாரம் மகள் மறந்துவிட்டுத் திட்டு வாங்கினாராம். என்ன சொல் அது என்று சும்மா கேட்டுப் பார்த்தேன்.

“அத உனக்கு எதுக்குடா சொல்லணும்?” என்றார் அக்கா.